பழைய துடுப்பும் புதிய கையும்



எங்கள் துணுக்காய்ப் பகுதியிலே ஒரு கமக்காரர் மாடு வாங்கப் போனாரென்றால், எட்ட நின்று பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட மாட்டார். வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், நாலடி நடக்கவிட்டுக் காலைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், முதுகைத் தடவிப் பார்ப்பார். மண்வெட்டி வாங்கினாலும் அதன் பிடியைத் தமது உயரத்துக்கு ஏற்றபடி தறித்துப் போட்ட பின்னரே வயலில் இறங்குவார். அத்தகைய விவேகியான மனிதர், தம் மகனுக்குத் துடுப்பாட்டத்துக்கான துடுப்பு ஒன்று வாங்கப் போகும்போது என்ன செய்கிறார்? அதன்மேல் ஒட்டியிருக்கும் வர்ணத் தாளைப் பார்க்கிறார், விலையைக் கேட்கிறார், வாங்கிவிடுகிறார்.

அவரைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. ஒரு பாடசாலையின் அதிபராகிய நானே அப்படித்தான் வாங்கினேன். அதனால் பணம் நட்டமானது ஒரு புறமிருக்க, ஒரு சிறுவனின் மனம் புண்பட்டது. அந்தக் கதையைச் சொல்லி, பாவித்த துடுப்பு ஒன்றைத் தொடக்கநிலை மாணவனுக்கு எவ்வாறு தெரிந்தெடுக்க வேண்டும் என்பதையும் சொல்லுவதே இன்றைய பேச்சின் நோக்கம். நான் கலைப் பட்டதாரி. விளையாட்டுத் துறையிலே பயின்றதில்லை. பிழைவிட்டுக் கற்றதையே பேசப் போகிறேன்.

எங்கள் பிள்ளைகளுக்கு முதல் துடுப்பைத் தருவது கடையன்று, தென்னைமரம். காய்ந்து விழுந்த ஓலையின் அடிமட்டையைக் கத்தியாற் செதுக்கினால் துடுப்பு ஆயிற்று. பெரும்போக வெட்டு முடிந்த வயலிலே, ஒட்டு வைக்கோலின் நடுவே, றப்பர்ப் பந்தை அந்த மட்டையால் அடித்துத்தான் எல்லாரும் தொடங்குகிறார்கள். அதில் ஒரு குறையுமில்லை. ஆனால் பாடசாலை அணியிலே சேர்ந்து கடினப் பந்துக்கு முகங்கொடுக்கும் நாள் வரும்போது தென்னைமட்டை உதவாது. அப்போதுதான் துடுப்பின் விலை எங்களை மிரட்டுகிறது.

2008ஆம் ஆண்டில் எங்கள் மக்கள் இடம்பெயர்ந்தபோது பாடசாலைகளின் தளபாடங்களோடு விளையாட்டுப் பொருள்களும் போயின. 2009இன் இறுதியில் மீள்குடியேற்றம் தொடங்கியபின், கூரையும் மேசையும் கரும்பலகையும் முதலில் வரவேண்டியிருந்தன. துடுப்பும் காலுறையும் பின்னுக்கு நின்றன. பின்னர் 2022ஆம் ஆண்டில் டொலர் ஒன்றின் பெறுமதி 200 ரூபா அளவிலிருந்து 360 ரூபாவுக்கு மேலே ஏறியது. வெளிநாட்டு மரத்தால் ஆன துடுப்பின் விலை நாளாந்தக் கூலிக்குச் செல்லும் தகப்பனின் கைக்கு எட்டாததாயிற்று. ஆகவே பாவித்த துடுப்பை வாங்குவது எங்களுக்கு இழிவுமன்று, சிக்கனப் பெருமையுமன்று. அதுவே எங்களுக்குத் திறந்திருக்கும் வாசல்.

அந்த வாசலால் நான் நுழைந்த விதத்தைக் கேளுங்கள். சில ஆண்டுகளுக்கு முன்னர், பழைய மாணவர்கள் சேர்த்துத் தந்த பணத்தோடு நகரத்துக்குப் போய், ஒருவரிடம் பாவித்த துடுப்புகள் இரண்டு வாங்கினேன். பளபளவென்று இருந்தன. பெயர்பெற்ற நிறுவனமொன்றின் தாள் முகப்பிலும் முதுகிலும் புத்தம் புதிதாய் ஒட்டப்பட்டிருந்தது. பாவித்த பொருளின்மேல் தாள் மாத்திரம் ஏன் புதிதாக இருக்கிறது என்ற கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

ஆனி மாதத்திலே அயற் பாடசாலையுடன் ஒரு போட்டி. எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் முதலில் துடுப்பெடுத்தாட இறங்கினான். மூன்றாவது ஓவரிலே பந்து அடிநுனியிற் பட்டது. துடுப்பு கீழிருந்து பாதிவரை இரண்டாகப் பிளந்தது. எனக்கோ கோபம். “எத்தனை பேருடைய காசு! பார்த்துப் பிடிக்கத் தெரியாதோ?” என்று எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். பையன் தலைகுனிந்து வெளியேறினான். மறுநாள் தொடக்கம் அவன் மைதானத்துப் பக்கமே வரவில்லை.

இரண்டு கிழமை கழித்து என் அறை வாசலிலே வந்து நின்றான். கையிலே கசங்கிய சிறு தாள்களாக முந்நூறு ரூபா இருந்தது. “சேர், காட்டிலே பாலைப்பழம் பொறுக்கி விற்ற காசு. மிச்சத்தையும் தந்துவிடுகிறேன்” என்றான். நேயர்களே, முப்பது ஆண்டு ஆசிரியப் பணியிலே அப்படி நான் வெட்கியதில்லை.

உடைந்த துடுப்பை எடுத்துவரச் சொன்னேன். விளையாட்டுப் பொறுப்பாசிரியர் அதன் தாளை ஈரத்துணியால் நனைத்து மெல்ல உரித்தார். உள்ளே பழைய வெடிப்பு ஒன்று பசையும் மரத்தூளும் கொண்டு அடைக்கப்பட்டிருந்தது. அதுமட்டுமன்று. முதுகுப்புறம் குடைந்து மெலிதாக்கப்பட்டிருந்த அந்தத் துடுப்பு மென்பந்தாட்டத்துக்கென்று செய்யப்பட்டது. கடினப் பந்தை அது ஒருநாளும் தாங்கியிராது. உடைத்தவன் பையனல்லன், பார்க்காமல் வாங்கிய நானே உடைத்தவன்.

அன்றிலிருந்துதான் துடுப்பைப் பற்றிக் கேட்டறியத் தொடங்கினேன். துடுப்பின் அலகு வில்லோ எனப்படும் மரத்தினால் ஆனது. பாரம் குறைந்தும் அடியைத் தாங்கும் நாருடையதாயும் இருப்பதே அம்மரத்தின் சிறப்பு. இங்கிலாந்து வில்லோ மென்மையானது, விலை கூடியது. காசுமீர வில்லோ பொதுவாகச் சற்றுக் கடினமானது, பாரமானது, விலை குறைந்தது. பழகும் பிள்ளைக்குக் காசுமீர வில்லோவே போதும். பிடி பிரம்பினால் ஆனது. பிரம்புக் கீற்றுகளை ஒட்டி, இடையிலே றப்பர் வைத்து, அலகின் மேற்பகுதியில் ஆப்பு வடிவாக இறக்கியிருப்பார்கள். அந்தப் பொருத்துத்தான் துடுப்பின் உயிர்நிலை.

அளவுக்கும் சட்டம் உண்டு. 1771ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே ஒருவர் விக்கெற்றின் அகலத்துக்கே ஒரு துடுப்பைக் கொண்டுவந்து நின்றாராம். அதன் விளைவாகவே அகலம் நாலேகால் அங்குலத்தை மிஞ்சலாகாது என்ற விதி பிறந்தது. நீளம் 38 அங்குலத்தை மிஞ்சலாகாது. ஆனால் சட்டம் சொல்வது உச்ச எல்லையை மாத்திரமே. உங்கள் பிள்ளைக்கு எது பொருந்தும் என்பதைச் சட்டம் சொல்லாது. பிள்ளையின் உடல்தான் சொல்லும்.

ஆகவே முதற் சோதனை துடுப்புக்கன்று, பிள்ளைக்கு. கடைக்குப் போகுமுன் அவன் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். துடுப்புகளுக்கு 1 முதல் 6 வரை இலக்கமுண்டு. அதற்கு மேலே ஹரோ என்றொரு அளவும், அதன்பின் வளர்ந்தோருக்கான முழு அளவும் உண்டு. நாலடி ஒன்பது அங்குலம் அளவில் உயரமுள்ள பிள்ளைக்கு 4ஆம் இலக்கமும், ஐந்தடி இரண்டு அங்குலத்தைக் கடந்தவனுக்கு 6ஆம் இலக்கமும் ஏறத்தாழப் பொருந்தும். ஐந்தடி எட்டு அங்குலத்தை எட்டும்வரை முழு அளவுத் துடுப்பு வேண்டியதில்லை. செய்பவர்க்கு ஏற்ப இந்த அளவுகள் சற்று வேறுபடும். ஆதலால் இலக்கத்தை மாத்திரம் நம்பாமல் பிள்ளையை நிமிர்ந்து நிற்கச் செய்து, துடுப்பைக் காலோடு சேர்த்து நிலத்தில் ஊன்றிப் பாருங்கள். தளரவிட்ட கையின் மணிக்கட்டை அண்டிப் பிடியின் உச்சி நின்றால் நீளம் பொருத்தம்.

அடுத்தது பாரம். வலக்கை ஆட்டக்காரனுக்குப் பிடியின் மேலே இருப்பது இடக்கை. அந்த ஒரு கையினால் மாத்திரம் துடுப்பைப் பின்னே உயர்த்தி, நேராக முன்னே வீசிக் காட்டச் சொல்லுங்கள். ஐந்தாறு தரம் தடுமாறாமல் வீசினானானால் பாரம் சரி. தோள் சாய்ந்து துடுப்பு குறுக்கே போனால், எத்தனை மலிவாக வந்தாலும் அதை வாங்காதீர்கள். பாரம் மிஞ்சிய துடுப்பு நேரே வராது. பிள்ளை குறுக்கே அடிக்கப் பழகிவிடும். அடுத்த ஆண்டு நல்ல துடுப்புக் கிடைத்தாலும் பழகிய பிழை அவனை விட்டுப் போகாது. “வளர்கிற பிள்ளைதானே, பெரிதாக வாங்கினால் மூன்று வருடம் பாவிக்கலாம்” என்பது பெற்றோர் பலரின் எண்ணம். சட்டைக்கு அது பொருந்தலாம், துடுப்புக்குப் பொருந்தாது.

“சச்சின் தெண்டுல்கர் பாரமான துடுப்பினால்தானே ஆடினார்?” என்று மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான். உண்மைதான். சிறு வயதில் தமையனாரின் பெரிய துடுப்போடு ஆடியதனாலேயே பிடியின் கீழ்ப்பகுதியைப் பற்றும் வழக்கம் அவருக்கு வந்தது. அவருக்கு அது கைவந்தது. ஆற்றை நீந்திக் கடந்தவர் ஒருவரைப் பார்த்து, பிள்ளைகள் எல்லாரையும் ஆற்றிலே தள்ளிவிட முடியுமா?

உயரமும் பாரமும் பொருந்திய பின்னரே இரண்டாம் சோதனை, துடுப்பைப் பார்ப்பது. முதலாவதாக, விற்பவரின் அனுமதியோடு தாளின் ஓரத்தைச் சற்று உயர்த்திப் பாருங்கள். உயர்த்த விடாதவரிடம் வாங்காமல் திரும்புவது நல்லது.

இரண்டாவதாக, அடிநுனியைப் பாருங்கள். ஈரத் தரையிலே ஊன்றி ஊன்றி நீர் குடித்த துடுப்பின் அடி வீங்கியிருக்கும். விரலால் அழுத்தினால் மென்மையாய் இருக்கும். முன்பக்கத்திலிருந்து பின்பக்கம்வரை ஊடுருவும் வெடிப்பு அடியிலே தெரிந்தால் அதனை விலக்குங்கள். முகப்பிலே மயிரிழை போன்ற மெல்லிய கீறல்கள் இருந்தால் அஞ்ச வேண்டாம். ஆடிய துடுப்புக்கு அவை இயல்பு. ஆழமான வெடிப்புக்கும் மேற்கீறலுக்கும் உள்ள வேறுபாட்டை நகத்தால் தடவி அறியலாம்.

மூன்றாவதாக, பொருத்தைப் பாருங்கள். பிடியை ஒரு கையாலும் அலகை மறு கையாலும் பற்றி மெல்லத் திருக வேண்டும். கிறீச்சென்ற ஒலி வந்தாலோ, பிடி அசைந்தாலோ பிரம்பு முறிந்திருக்கிறது, அல்லது பசை விட்டிருக்கிறது என்பது பொருள். றப்பர் உறை தேய்ந்திருப்பது குறையன்று. அதனைச் சிறு செலவில் மாற்றிவிடலாம். பிடி முறிந்தால் செலவு பெரிது.

நான்காவதாக, ஒலியைக் கேளுங்கள். பழைய கடினப் பந்து ஒன்றைக் கையோடு கொண்டுபோய் அலகின் நடுவிலே மெல்லத் தட்டிப் பாருங்கள். நல்ல துடுப்பு தெளிந்த ஒலி எழுப்பிப் பந்தைத் துள்ள வைக்கும். கெட்டது ஓட்டைப் பானையைத் தட்டினாற்போல மந்தமாய் ஒலிக்கும். சட்டி பானை வாங்கும் எங்கள் தாய்மார் சுண்டிப் பார்த்து வாங்குவதில்லையா? அதே கலைதான்.

ஐந்தாவதாக, எந்தப் பந்துக்காகச் செய்யப்பட்டது என்று கேளுங்கள். மென்பந்துத் துடுப்பு கடினப் பந்துக்கு ஆகாது. நான் தவறிய இடம் இதுதான்.

இத்தனையும் தேறிய பாவித்த துடுப்பு, தொடங்குகிறவனுக்குப் புதியதைவிட நல்லது என்றே சொல்வேன். ஏன்? புதிய துடுப்பின் நார் இன்னும் இறுகாதது. மரச்சுத்தியலாலும் பழைய பந்தாலும் மணிக்கணக்காகத் தட்டிப் பதப்படுத்திய பின்னரே அதைக் கடினப் பந்துக்குக் காட்டலாம். பாவித்த துடுப்பை முன்னே ஆடியவர் ஏற்கெனவே பதப்படுத்தித் தந்திருக்கிறார். அவருடைய உழைப்பும் சேர்ந்தே எங்கள் கைக்கு வருகிறது.

பராமரிப்பும் பெரிய வித்தையன்று. முகப்பிலே ஒட்டுப்படலம் இல்லாத துடுப்பாயின், காய்ச்சாத ஆளிவிதை எண்ணெய் ஒரு தேக்கரண்டி அளவு எடுத்து, முகப்பிலும் விளிம்பிலும் அடியிலும் மெல்லப் பூசிப் படுக்கையாக வைத்து உலரவிட வேண்டும். பொருத்தின்மேல் எண்ணெய் படலாகாது. எண்ணெய் மிஞ்சினால் துடுப்பு கனத்துப் பந்தைத் துள்ளவிடாது. எங்கள் வன்னி வெயிலிலே துடுப்பை மைதானத்தில் போட்டுவிட்டுப் போனால் மரம் வறண்டு வெடிக்கும். சிறு வெடிப்பு கண்டவுடன் பசையிட்டுத் துணிநாடா சுற்றிவிட்டால் இன்னும் ஒரு பருவம் உழைக்கும்.

நேயர்களே, கருவி எளிதாய் இருப்பதனால் கலை குறைவதில்லை. அவுஸ்திரேலியாவின் டொன் பிராட்மன் சிறுவனாக இருந்தபோது பௌரல் என்ற ஊரிலே, தம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் செங்கற் பீடத்திலே கோல்ப் பந்தை எறிந்து, அது தெறித்து வரும்போது ஒரு விக்கெற் தடியினால் அடித்துப் பழகினார். அவரே 1948ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் இங்கிலாந்து செல்லும் வழியில் கொழும்பிலே ஆடினார். அன்று இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியவர் மகாதேவன் சதாசிவம். அவர் அதற்கு முந்திய ஆண்டு சென்னைச் சேப்பாக்கத்திலே தென்னிந்திய அணிக்கெதிராக 215 ஓட்டங்கள் பெற்றவர். பிராட்மனுடைய டெஸ்ட் சராசரி 99.94. அதற்கு அத்திவாரம் இட்டது அந்த ஒற்றைத் தடி.

இந்த உண்மை துடுப்பாட்டத்துக்கு மாத்திரம் உரியதன்று. எங்கள் தீவிலே நுவரெலியாவில் 1889ஆம் ஆண்டிலிருந்து கோல்ப் கழகம் இருக்கிறது. அந்த ஆட்டத்தில் ஒருவர் 14 தடிகள்வரை வைத்திருக்க விதி இடந்தருகிறது. ஆனால் தொடங்குகிறவருக்குப் பாவித்த தடிகள் நாலைந்து போதும். அவருக்கும் நான் சொல்லக்கூடியது இதே பாடந்தான். தடியின் நீளம் உயரத்துக்குப் பொருந்துகிறதா? தண்டு வளைந்திருக்கிறதா? பிடியின் றப்பர் வழுக்குகிறதா? முகப்பின் வரிப்பள்ளங்கள் தேய்ந்துவிட்டனவா? இவற்றைப் பார்த்து வாங்கினாற் போதும். ஸ்பானிய நாட்டு பெட்ரேனியாக் கடற்கரையிலே தமையன் கொடுத்த பழைய இரும்புத் தடி ஒன்றோடு மணலில் அடித்துப் பழகிய செவரியானோ பல்லெஸ்ரெரோஸ் என்ற சிறுவன், 1979, 1984, 1988 ஆகிய மூன்று ஆண்டுகளில் பிரித்தானியத் திறந்த போட்டியை வென்றான்.

வெளிநாடுகளில் இருந்து இதனைக் கேட்கும் எங்கள் உறவுகளுக்கும் பழைய மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் அன்போடு பெட்டி கட்டி அனுப்பும் துடுப்புகளில் பெரும்பாலானவை வளர்ந்தோர் ஆடிய முழு அளவுத் துடுப்புகள். எங்கள் பிள்ளைகளில் பலர் 4ஆம், 5ஆம் இலக்கத்துக்கு உரியவர்கள். பெண்பிள்ளைகளும் இன்று ஆட முன்வருகிறார்கள். சமரி அத்தபத்து தலைமையில் 2024ஆம் ஆண்டு தம்புள்ளையிலே இலங்கை மகளிர் ஆசியக் கிண்ணத்தை வென்றதை அவர்களும் பார்த்தவர்கள்தாமே? அவர்களுக்குப் பாரங்குறைந்த துடுப்பு வேண்டும். அனுப்புமுன் பாடசாலைக்கு ஒரு கடிதம் எழுதிப் பிள்ளைகளின் உயரத்தைக் கேளுங்கள். உங்கள் பிள்ளைகள் வளர்ந்து கைவிட்ட சிறிய துடுப்பு ஒன்று, பெரிய துடுப்புகள் பத்திலும் எங்களுக்குப் பயன்படும்.

இனி, அந்தப் பையனின் கதையை முடிக்கிறேன். முந்நூறு ரூபாவையும் அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். கடிந்தது எல்லார் முன்னிலையிலும் என்றால் மன்னிப்பும் அங்கேதான் கேட்கவேண்டும். ஆகவே மறுநாட் காலைக் கூட்டத்திலே உடைந்த துடுப்பை உயர்த்திக் காட்டி, பிழை அதிபருடையது என்று சொன்னேன். பிள்ளைகள் சற்று நேரம் பேசாதிருந்தார்கள். அன்று மாலை அவன் மைதானத்துக்கு வந்தான். அவன் உயரத்தை வகுப்பறைச் சுவரிலே கோடிட்டு அளந்தோம். அந்த அளவுக்கு ஏற்ற துடுப்பு ஒன்றைத் தேடி வாங்க இரண்டு மாதம் சென்றது. விளிம்பிலே நாடா சுற்றிய பழைய துடுப்புத்தான். அதனோடு அவன் பெற்ற முதல் ஓட்டங்கள் பதினொன்று. நூறு அடித்தான் என்று சொன்னால் கதை இனிக்கும்; ஆனால் பதினொன்றுதான். பதினொன்றும் நேராக வந்த துடுப்பினால் அடித்தவை.

இப்போது எங்கள் பாடசாலைக்குத் துடுப்பு வாங்கப் போவதென்றால் அவனையும் அழைத்துச் செல்கிறோம். பையிலே பழைய பந்து ஒன்றை வைத்துக்கொண்டு வருவான். தாளின் ஓரத்தை உயர்த்துவான், அடியை அழுத்துவான், பிடியைத் திருகுவான், காதருகே வைத்துத் தட்டுவான். மாட்டின் பல்லைப் பார்க்கும் அவன் பாட்டனாரின் கண்கள் அப்போது அவன் முகத்தில் தெரியும். அவன் தலையசைத்த பின்னரே நான் பணப்பையைத் திறக்கிறேன்.